கைப்பக்குவம் கைமாறும் வழி: ஆய்வு நிறுவனத் தொழில்நுட்பத்தைச் சிறுதொழிலுக்குக் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

கரூர் மாவட்டம் அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை இலையை உலர்த்திப் பொடியாக்கும் சிறிய ஆலை ஒன்றை என் தம்பியும் நானும் நடத்துகிறோம். உலர்த்தும் முறையை ஓர் ஆய்வு நிறுவனத்திடம் உரிமம் பெற்றுக் கொண்டுவந்தோம். பணம் கட்டினோம். ஒப்பந்தம் கையெழுத்தானது. செய்முறைக் கையேடு வந்தது. இரண்டு நாள் பயிற்சியும் முடிந்தது. அதன் பிறகும் நான்கு மாதம் எங்கள் பொடி காய்ந்த வைக்கோல் நிறத்தில்தான் வந்தது. அதே இலை, அதே வெப்பநிலையில், அவர்களுடைய ஆய்வகத்தில் கிளிப்பச்சையாக வந்ததை எங்கள் கண்ணாலேயே பார்த்திருந்தோம்.

அந்த நான்கு மாதத்தில் கற்றதையும், பின்னர் தொழில்நுட்பம் தேடி அலைந்த நண்பர்களுடன் ஆய்வகங்களின் படியேறிக் கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உணவுத் தொழிலை வைத்து எழுதினாலும் தோல், ஜவுளி, மின்வேதியியல் என்று எந்தத் தொழிலுக்கும் பாதை ஏறத்தாழ இதுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம்: எது கைமாறுகிறது?

ஒரு தொழில்நுட்பத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. முதலாவது உரிமை, காப்புரிமை, வணிகப் பெயர் போன்றவை. இரண்டாவது எழுதி வைத்த செய்முறை. அளவு, வெப்பநிலை, நேரம், இயந்திரத்தின் வரைபடம். மூன்றாவது கைப்பக்குவம். முதல் இரண்டும் காகிதத்தில் வந்துவிடும். மூன்றாவது ஆளோடுதான் வரும். பணம் பெரும்பாலும் முதல் இரண்டுக்கே பேசப்படுகிறது. ஆலை ஓடுவதோ ஓடாததோ மூன்றாவதைப் பொறுத்தது.

இந்தியாவில் இதற்கு என் கண்ணில் முதலில் படும் சாட்சி ஸ்வராஜ் டிராக்டர். துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில், வெளிநாட்டு ஒத்துழைப்பு இல்லாமல் அந்த டிராக்டர் உருவானது. அதைத் தயாரிக்கப் பஞ்சாபில் 1970இல் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. வரைபடங்கள் மட்டும் அந்த ஆலை இருந்த மொகாலிக்குப் போகவில்லை. வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கிய சந்திர மோகனும் அவருடைய சகாக்களும் ஆய்வகத்தை விட்டு அந்த ஆலைக்கே வந்து சேர்ந்தார்கள். 1974இல் டிராக்டர் சந்தைக்கு வந்தது. வரைந்த கையே முறுக்காணியையும் திருகியதால், தவறு தெரிந்த இடத்தில் அன்றைக்கே திருத்த முடிந்தது.

நம்மைப் போன்ற சிறு ஆலைக்கு விஞ்ஞானியை வேலைக்கு எடுக்கும் வசதி கிடையாது. ஆகவே அந்தக் கைப்பக்குவத்தை வேறு வழிகளில் வரவழைக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் இந்த ஒரே நோக்கத்தோடு படியுங்கள்.

படி 1: தேவையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

ஆய்வகத்தின் இணையதளத்தில் தொழில்நுட்பப் பட்டியலைப் பார்த்து, எது லாபம் என்று தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். அப்படித் தொடங்காதீர்கள். உங்கள் கையில் என்ன மூலப்பொருள் இருக்கிறது, எந்த மாதத்தில் எத்தனை டன் கிடைக்கும், யாருக்கு விற்கப் போகிறீர்கள், இப்போது எந்த இடத்தில் இடறுகிறது: இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். “மதிப்புக்கூட்டுப் பொருள் செய்ய வேண்டும்” என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. “வாரம் 2 டன் முருங்கை இலை கிடைக்கிறது, உலர்த்தினால் நிறம் மாறுகிறது, வாங்குபவர் பச்சை நிறமும் 7 விழுக்காட்டுக்குக் குறைந்த ஈரப்பதமும் கேட்கிறார்” என்று எழுதினால், அதைப் படிக்கும் விஞ்ஞானி அப்போதே உங்களோடு வேலை செய்யத் தொடங்கிவிடுவார்.

படி 2: உரிமம்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்

ஆய்வு நிறுவனத்திலிருந்து அறிவு தொழிலுக்கு வர நான்கு வாசல்கள் உண்டு. உரிமம் அவற்றில் கடைசி வாசல். விலை உயர்ந்ததும் அதுதான்.

முதல் வாசல் பரிசோதனையும் பயிற்சியும். பல சமயம் நம் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா 1956இல் தொடங்கப்பட்டது. அங்கே நூற்பாலைகளுக்கு வந்து சேர்ந்த பெரும்பகுதி அறிவு, நூல் பரிசோதனை, உற்பத்தித்திறன் அளவுகோல், தொழிலாளர் பயிற்சி என்ற வடிவில்தான் வந்தது. ஒரு ஆலை தன் உற்பத்தியைப் பக்கத்து ஆலையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைப்பதே பெரிய தொழில்நுட்பம்.

இரண்டாவது ஆலோசனை. குறிப்பிட்ட கட்டணத்துக்கு நிபுணர் உங்கள் ஆலைக்கு வந்து பார்த்து அறிக்கை தருவார்.

மூன்றாவது, உங்கள் பணத்தில் உங்களுக்காகச் செய்யப்படும் ஆய்வு. இதையே முதுகெலும்பாகக் கொண்டு வளர்ந்தது ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் அமைப்பு. 1949இல் மியூனிக்கில் தொடங்கிய அதற்கு அரசின் அடிப்படை நிதி மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மீதியைத் தொழில் நிறுவனங்களும் பொதுத் திட்டங்களும் தரும் ஒப்பந்த ஆய்வுகள் மூலம் அதன் நிலையங்களே ஈட்ட வேண்டும். தொழில்துறையின் கதவைத் தட்டாமல் அங்கே ஒரு நிலையம் நிலைக்க முடியாது. நம் நாட்டிலும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. சிறுதொழில்கள் தனித்தனியாகப் போனால் செலவு தாங்காது. ஒரே ஊரில் ஒரே தொழில் செய்யும் பத்துப் பேர் சேர்ந்து போனால் தாங்கும்.

நான்காவதுதான் உரிமம். ஏற்கெனவே உருவாக்கி முடித்த தொழில்நுட்பத்தை, முன்பணமும் ராயல்டியும் (விற்பனையில் ஒரு பங்கு) கொடுத்துப் பெறுவது.

படி 3: சரியான ஆய்வகத்தைக் கண்டுபிடியுங்கள்

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கொடுப்பினை அதிகம். தோலுக்கு 1948இல் தொடங்கிய அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். மின்கலம், துருத்தடுப்பு, மின்முலாம் ஆகியவற்றுக்குக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துத் தன் ஊருக்குக் கொண்டுவந்தது அது. தஞ்சாவூரில், நெல் பதப்படுத்தும் ஆய்வில் தொடங்கி இன்று உணவுப் பதப்படுத்தலின் எல்லாத் துறைக்கும் விரிந்திருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். வாழைக்குத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம். வேளாண்மைக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம். எல்லை தாண்டினால் உணவுக்கு மைசூருவின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமான சிஎஃப்டிஆர்ஐ, தென்னைக்குக் காசர்கோடு, கிழங்குகளுக்குத் திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியம்.

இவற்றோடு, உரிமம் வழங்குவதற்கென்றே இயங்கும் நிறுவனங்களும் உண்டு. தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் 1953 முதல் அரசு ஆய்வகங்களின் கண்டுபிடிப்புகளைத் தொழில்துறைக்குக் கொண்டுசெல்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கண்டுபிடிப்புகளுக்கு 2011இல் தொடங்கிய அக்ரினோவேட் இந்தியா இருக்கிறது. ஆய்வகங்கள் நேரடியாகவும் உரிமம் தருகின்றன. யாரிடம் கையெழுத்திட வேண்டும் என்பதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

படி 4: முதல் கடிதமும் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளும்

ஒவ்வொரு நிறுவனத்திலும் வணிக மேம்பாட்டுப் பிரிவோ தொழில்நுட்ப மாற்றப் பிரிவோ இருக்கும். படி 1இல் எழுதிய பக்கத்தை இணைத்து அவர்களுக்கு எழுதுங்கள். சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவின் எண் இருந்தால் குறிப்பிடுங்கள். சிறுதொழிலுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று கேட்க அது உதவும்.

கேட்க வேண்டியவை: இது எந்த அளவில் செய்து பார்க்கப்பட்டது? எத்தனை கிலோ, எத்தனை முறை? முன்பணம், ராயல்டி எவ்வளவு? எத்தனை பேருக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்கள்? அவர்களில் இன்று உற்பத்தி செய்கிறவர்கள் யார்? அவர்களை நான் போய்ப் பார்க்கலாமா?

முதல் கேள்வியின் விடை சில இடங்களில் ஓர் எண்ணாக வரும். தொழில்நுட்பத் தயார்நிலை என்று 1 முதல் 9 வரை ஓர் ஏணி இருக்கிறது; அமெரிக்க விண்வெளி ஆய்வகமான நாசாவில் பிறந்து உலகெங்கும் பரவியது. 4 என்றால் ஆய்வக மேசையில் நிரூபணமானது. 7 என்றால் மாதிரி வடிவம் உண்மையான சூழலில் ஓடியது. 9 என்றால் முழு வீச்சில் ஓடித் தேறியது. 4இல் இருப்பதை 9 என்று நினைத்து வாங்கிவிட்டால், மீதி ஐந்து படியையும் உங்கள் கைப்பணத்தில் ஏற வேண்டியிருக்கும். 4 என்று தெரிந்தே வாங்குவதில் தவறில்லை. அப்போது விலையும் ஒப்பந்தமும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும்.

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. உங்களுக்கு முன் உரிமம் பெற்றவரின் ஆலை வாசலில் அரைநாள் உட்கார்ந்து பேசினால் கிடைப்பது எந்த அறிக்கையிலும் கிடைக்காது. நாங்கள் இதைச் செய்யவில்லை. செய்திருந்தால் நான்கு மாதம் மிஞ்சியிருக்கும்.

படி 5: உங்கள் மூலப்பொருளோடு நேரில் போங்கள்

செயல்விளக்கம் காட்டப் பெரும்பாலான நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும். சிலர் சிறு கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். அவர்கள் வாங்கி வைத்த பொருளில் செய்து காட்டச் சொல்லாதீர்கள். உங்கள் தோட்டத்து இலை, உங்கள் ஊர்த் தண்ணீர், முடிந்தால் உங்கள் ஆலையில் வேலை செய்யும் ஆள் என்று மூன்றையும் கொண்டுபோங்கள். ஆய்வகத்துத் தண்ணீர் சுத்திகரித்தது, நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அந்த ஒரு வித்தியாசத்தில் நிறமும் சுவையும் மாறிப்போன பொருள்கள் உண்டு.

செய்முறையின் உள்விவரத்தைக் காட்டுவதற்கு முன் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அது நியாயமானது. உங்கள் வாடிக்கையாளர் விவரத்தையும் கலவையையும் அவர்கள் வெளியே சொல்லாதபடி இருபுறமும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக இருக்கட்டும்.

பார்க்கும்போது எதை உற்றுப்பார்ப்பது? செய்பவரின் கையை. அவர் சொல்லாமல் செய்வது எது, தொட்டுப் பார்ப்பது எப்போது, முகர்வது எப்போது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

நல்ல தொழில்நுட்பம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குக் காசர்கோடு தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் குளிர்பெட்டியைச் சொல்வேன். பாளையிலிருந்து சொட்டும் தென்னஞ்சாறு வெயிலில் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகத் தொடங்கிவிடும். பதநீர் இறக்கும் நம் ஆட்கள் அதைத் தடுக்கப் பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினார்கள். விஞ்ஞானிகள் அதே இடத்தில் குளிரை வைத்தார்கள். உள்ளீடற்ற பிவிசி குழாய். ஒரு முனை பெட்டிபோல அகன்றிருக்கும். அதற்குள் சாறு சேரும் கலன். கலனைச் சுற்றிப் பனிக்கட்டி. பக்கச் சுவரில் வெப்பம் புகாத காப்பு. அவ்வளவுதான். மரமேறுபவர் இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறக்கூடிய எடை. சாறு புளிக்காமல் வருகிறது. சுண்ணாம்பின் தேவை போயிற்று. அதைக் கல்பரசம் என்ற பெயரில் விற்கிறார்கள். ஏறுபவரின் கையையும் மரத்தின் உயரத்தையும் மனத்தில் வைத்து யோசித்த வேலை அது. கூடவே ஓர் எச்சரிக்கை: பெட்டி கைக்கு வந்துவிட்டது என்பதற்காகத் தமிழ்நாட்டில் உடனே நீரா என்னும் இந்தப் புளிக்காத சாற்றை இறக்கிவிட முடியாது. மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். தொழில்நுட்பம் தயார், சட்டம் தயாரா என்ற கேள்வியை இந்தப் படியிலேயே கேளுங்கள்.

படி 6: காப்புரிமையைச் சரிபாருங்கள்

இது இணையத்தில் ஒரு மணி நேர வேலை. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டதா, விண்ணப்ப நிலையிலேயே இருக்கிறதா, புதுப்பித்தல் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். மூன்று ஆண்டு மட்டுமே மிச்சமிருக்கும் காப்புரிமைக்குப் பத்து ஆண்டு ராயல்டி கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமை ஒன்றுதான் வேலி என்று நினைக்க வேண்டாம். தேர்தலில் நம் விரலில் வைக்கும் அழியாத மை இதற்குச் சான்று. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கியது. தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்தின் வழியாக மைசூரு பெயிண்ட்ஸ் நிறுவனத்துக்கு உரிமம் போனது. 1962 பொதுத்தேர்தல் முதல் அந்த ஒரே ஆலையிலிருந்துதான் நாடு முழுவதற்கும் மை போகிறது. வெள்ளி நைட்ரேட்டு தோலில் பட்டு வெளிச்சத்தில் கருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். முழுக் கலவை இன்றும் ரகசியம். அந்த ரகசியமே அங்கே வேலி.

படி 7: கணக்குப் போடுங்கள்

உரிமக் கட்டணத்தைப் பார்த்து மலைத்துப்போவது, அல்லது அது குறைவு என்று மகிழ்ந்துபோவது, இரண்டும் தவறு. எங்கள் ஆலையில் உரிமத்துக்குக் கொடுத்தது மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கட்டடம், டிரையர் என்னும் உலர்த்தும் இயந்திரம், மின் இணைப்பு, முதல் ஆறு மாத நடைமுறை மூலதனம், கெட்டுப்போகும் தொடக்க உற்பத்தி ஆகியவைதான் உண்மையான செலவு. ஒரு கிலோ பொடிக்கு உருவிய பச்சை இலை நான்கைந்து கிலோ வேண்டும். இலை உருவும் கூலி கையேட்டில் இல்லை. எங்கள் கணக்கில் மின்சாரத்தைவிட அது பெரியது. ஆய்வகத்தின் பொருளாதார அறிக்கையில் இப்படிப்பட்ட வரிகளை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் நான்கு மாத உற்பத்தி விற்காது என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். அப்போதும் தாங்குமானால் இறங்குங்கள்.

படி 8: ஒப்பந்தம்

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். காப்புரிமை உரிமம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நிறுவனம் தரும் அச்சடித்த மாதிரியை அப்படியே கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம் அல்ல. மரியாதையோடு கேட்டால் பல வரிகளை மாற்றித் தருவார்கள். ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவருக்கு முன், ஆலையில் வேலை செய்யும் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள்.

தனியுரிமமா, பொது உரிமமா? தனியுரிமம் என்றால் உங்களைத் தவிர வேறு யாருக்கும் தரமாட்டார்கள், விலை கூடும். மக்களின் வரிப்பணத்தில் உருவானதைப் பலருக்கும் கொடுப்பதே முறை என்று ஆய்வகங்கள் பொதுவாக நினைக்கின்றன. அது எனக்கும் சரி என்றே படுகிறது. சிறு தொழிலுக்கு நடுவழி ஒன்று உண்டு. உங்கள் மாவட்டத்துக்கு மட்டும், அல்லது முதல் மூன்று ஆண்டுக்கு மட்டும் தனியுரிமம் கேளுங்கள்.

ராயல்டி எதன்மேல்? ஆலை விலையின்மேலா, கடை விலையின்மேலா? ஜிஎஸ்டி நீக்கிய விலையா? திரும்பி வந்த சரக்குக் கழிக்கப்படுமா? விற்பனை இல்லாத ஆண்டிலும் குறைந்தபட்ச ராயல்டி உண்டா? “நிகர விற்பனை” என்ற சொல்லின் பொருளை ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தியில் எழுத வையுங்கள்.

நீங்கள் செய்யும் மேம்பாடு யாருக்குச் சொந்தம்? ஓராண்டு ஓட்டியபின் உங்கள் ஆட்களே ஒரு நல்ல மாற்றம் கண்டுபிடிப்பார்கள். அது இயல்பாக நிறுவனத்துக்குப் போய்விடும் என்று சில மாதிரி ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். அதை உங்களுக்கு உரியதாக்குங்கள், அல்லது கூட்டு உரிமையாக்குங்கள்.

நிறுவனத்தின் பெயரை உறையில் அச்சிடலாமா? கேட்காமல் போடாதீர்கள்.

இப்போது எங்களுக்கு வலித்த இடம். எங்கள் ஒப்பந்தத்தில் “பயிற்சி: உரிமம் பெற்றவரின் இரு நபர்களுக்கு, நிறுவன வளாகத்தில், இரண்டு நாள்” என்று இருந்தது. எங்கள் ஆலைக்கு அவர்கள் வரும் ஒரு நாள்கூட எழுதப்படவில்லை. நிறம் கெட்டபோது நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குக் கையேட்டின் பக்க எண்ணே பதிலாக வந்தது. அந்த நிறுவனத்தில் இருந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒப்பந்தத்தில் இல்லாத பயணத்துக்கு அவர்கள் அனுமதி வாங்கவே முடியாது. கோபமெல்லாம் அந்த வரியைக் கேட்காமல் விட்ட என்மேல்தான். ஆகவே கேளுங்கள்: எங்கள் ஆலையில், எங்கள் இயந்திரத்தில், இத்தனை கிலோ அளவில், இந்தத் தரத்தில், தொடர்ந்து மூன்று முறை எடுத்துக் காட்டும் வரை பரிமாற்றம் முடிந்ததாகாது. முன்பணத்தின் கடைசித் தவணையை அந்த மூன்றாவது முறை முடிந்த பிறகே தருவதாக எழுதுங்கள்.

படி 9: கைமாறும் நாட்கள்

பயிற்சிக்கு முதலாளி போவதுதான் வழக்கம். நானும் தம்பியும்தான் போனோம். டிரையர் முன் நிற்கப்போவது யார்? எங்கள் ஆலையில் அந்த வேலையைப் பார்க்கும் அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவர்தான் போயிருக்க வேண்டும்.

ஐந்தாவது மாதம், எங்கள் செலவில், அந்த ஆய்வகத்தின் தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். காலையில் டிரையரைத் திறந்ததும் வெப்பமானியைப் பார்க்கவில்லை. நடுத்தட்டில் கையை நுழைத்து அடி இலையை எடுத்தார்.

“ஒரு தட்டுக்கு எத்தனை கிலோ போடுகிறீர்கள் அக்கா?”

“ஒன்றரைக் கிலோ, தம்பி.”

“அரைக் கிலோவுக்கு மேல் போடாதீர்கள். இலை மேல் இலை படுத்தால் அது காயாது, வேகும்.”

கையேட்டில் 55 பாகை என்று இருந்தது. ஆறு மணி நேரம் என்று இருந்தது. தட்டில் இலை எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்று இல்லை. அவர்கள் ஆய்வகத்தில் எப்போதும் ஒரே அடுக்காகப் பரப்புவார்கள். அதை எழுத வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. கழுவிய இலையை மெல்லிய துணியில் கட்டி நன்றாக உதறி, ஒட்டிய தண்ணீரைப் போக்கிய பிறகே தட்டில் பரப்ப வேண்டும். முதல் ஒரு மணி நேரம் முடிந்ததும் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் இடம் மாற்ற வேண்டும். மறுநாள் காலை பொடி பச்சையாக இருந்தது. அந்த அக்கா ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதிலிருந்து நாங்கள் வகுத்துக்கொண்ட நடைமுறை இது. இயந்திரத்தை ஓட்டுபவரையே பயிற்சிக்கு அனுப்புங்கள். செய்முறை முழுவதையும் அனுமதி பெற்றுக் காணொளியாக எடுங்கள். ஊருக்குத் திரும்பிய அன்றே, ஓட்டுபவர் சொல்லச் சொல்லத் தமிழில் ஒரு கையேடு எழுதுங்கள். அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் திருத்தும் இடங்களில்தான் சொல்லாமல் விட்டவை வெளியே வரும். அளவைப் பெரிதாக்கும்போது ஒரே தாவலில் போகாதீர்கள். 5 கிலோவிலிருந்து 20, பிறகு 60. ஒவ்வொன்றிலும் என்ன மாறியது என்று நோட்டில் எழுதுங்கள்.

படி 10: மற்ற அனுமதிகள்

ஆய்வகத்தின் உரிமம் வேறு, விற்பதற்கான அனுமதி வேறு. உணவுப் பொருளுக்கு, உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவோ உரிமமோ வேண்டும். கழிவுநீர் வரும் தொழிலுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். ஏற்றுமதி என்றால் வாங்கும் நாட்டின் பூச்சிக்கொல்லி எச்ச வரம்பைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். உலர்த்தும் முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் தோட்டத்தில் தெளித்த மருந்தை அது எடுக்காது.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இதைப் படிக்கும் விஞ்ஞானிகளும் இருக்கலாம். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக 1958 முதல் 1971 வரை இருந்த நாயுடம்மாவின் பெயரை இன்றும் தோல் தொழிலில் இருப்பவர்கள் மதிப்போடு சொல்கிறார்கள். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்ட ஊர்கள் நமக்கு உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல் பதனிடுவோரிடம் அவர் பாடம் நடத்தும் தோரணையில் போகவில்லை. நிலையத்தின் கதவைத் திறந்து வைத்தார். அவர்கள் சிக்கலையே ஆய்வின் பொருளாக்கினார். 1970களில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் காலணிக்கும் இந்த ஊர்கள் மாற வேண்டி வந்தது. அந்த மாற்றத்துக்குத் தேவையான பயிற்சியும் ஆட்களும் கிடைத்ததில், பல ஆண்டுகளாகக் கட்டிய அந்த நெருக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. உங்கள் செய்முறையை எழுதி முடித்ததும், அதைச் செய்து பழகாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் தடுமாறும் இடமெல்லாம் கையேட்டில் எழுதப்படாத வரிகள்.

படி 11: உறவை நடத்துங்கள்

ராயல்டி கணக்கை ஆண்டுதோறும் நேர்மையாகவும் நேரத்திலும் அனுப்புங்கள். விற்பனையைக் குறைத்துக் காட்டினால் சில ஆயிரம் மிஞ்சும், நம்பிக்கை போகும். உங்கள் கணக்கு அந்த விஞ்ஞானியின் வேலைக்குக் கிடைக்கும் சான்றும் ஆகும். கூடவே இந்த ஆண்டு வந்த சிக்கல்களைப் பட்டியலிட்டு அனுப்புங்கள். அடுத்த ஆய்வுக்கான கேள்வி அங்கிருந்து பிறக்கலாம்.

எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது ஒரு வரியைச் சேர்த்தோம்: ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நாள், உரிமம் பெற்றவரின் ஆலையில். அடுத்த வருகை ஐப்பசியில். மழைக்கால இலையில் ஈரம் கூடுதல். எத்தனை நிமிடம் கூட்டினால் நிறம் நிற்கும் என்று அந்த உதவியாளரும் எங்கள் அக்காவும் டிரையர் முன் நின்று சேர்ந்து பார்க்கப் போகிறார்கள்.